வெள்ளை அட்டையும் மாதப் பத்திரிகையும்

கடையம் பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை தொங்கும். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதில் யூனிட்டையும் தொகையையும் எழுதிவிட்டுப் போவார். இப்போது எஸ்எம்எஸ் வருகிறது. மின்வாரியம் நமக்கு எழுதிய கடிதம் என்று பார்த்தால் அவ்வளவுதான்: ஒரு தொகை, ஒரு கடைசித் தேதி.

அமெரிக்கக் கிராமங்களில் கரண்ட் கம்பெனி மாதாமாதம் பத்திரிகை போடுகிறது. 1935ல் அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. காட்டுக்குள் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. ரூஸ்வெல்ட் அரசு கடன் கொடுத்தது. விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு.

சங்கம்னு ஆனபிறகு கணக்கு சொல்லணும், பொதுக்குழு கூட்டணும், தேர்தல் வைக்கணும். அதைச் சொல்லத்தான் பத்திரிகை. டெக்சஸ் சங்கங்களின் ‘டெக்சஸ் கோ-ஆப் பவர்’ 1944ல் தொடங்கியது. இன்று பதினைந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் போகிறது. சமையல் குறிப்பு, ஊர்த் திருவிழா, மோட்டார் பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் சாதாரணக் குடும்பப் பத்திரிகை. ஆனால் படிப்பவர்தான் கம்பிக்குச் சொந்தக்காரர்.

நம்மூர்க் கதை வேறு. கடையத்துக்குப் பக்கத்திலேயே பாபநாசத்தில் 1944ல் அரசு நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1957ல் மின்வாரியம் வந்தது. கூட்டுறவு நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. கடன், பால், கைத்தறி எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. கரண்ட்டுக்கு மட்டும் இல்லை. 1969ல் ஊரக மின்மயக் கழகம் தொடங்கி, அமெரிக்க உதவியோடு நாட்டில் ஐந்து மின் கூட்டுறவுகளுக்கு வழி செய்தபோது தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பம்ப்செட் இணைப்பில் நாம் அப்போதே முன்னால் இருந்தோம். வாரியம் வேகமாகவே வேலை செய்தது. ஏழைத் தெருவுக்கும் கம்பி போனது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் நாம் உறுப்பினர் இல்லை, நுகர்வோர். கட்டணம் ஏறினால் எழுந்து கேட்க ஒரு பொதுக்குழு கிடையாது. அதனால் கேள்வி ரோட்டுக்கு வந்தது. 1970ல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையை மறித்தன. 1984ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. பின்னால் எல்லா விவசாயிகளுக்கும். பெரும்பாலான பம்ப்செட்டுகளுக்கு இன்று மீட்டரே இல்லை. உயிரைக் கொடுத்து வாங்கிய சலுகைதான். ஆனால் வாரியத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு எண்ணும் அதோடு போய்விட்டது.

சங்கம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா சங்கம் பாக்கி ஏறி 2011ல் உரிமத்தை இழந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் சந்தா கட்டியும் இயக்குநர் குழுக்களில் பல பத்தாண்டுகள் அநேகமாக இடம் பெறவில்லை. அதே சமயம், தெலங்கானாவின் சிரிசில்லா சங்கம் இன்னும் ஓடுகிறது. 2022 டிசம்பரில்கூட அங்கே மின் நுகர்வோர் வரிசையில் நின்று இயக்குநர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். கட்சி அரசியல் புகுந்த தேர்தல்தான். இருந்தாலும், கரண்ட்டை யார் நடத்துவது என்று அவர்களிடம் ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

இலவசமாகக் கிடைப்பதும் நம்முடையதாக இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதை நாம் போராடி வாங்கிவிட்டோம். இரண்டாவதைக் கேட்டதே இல்லை.