உள்ளே என்ன இருக்கும்? பேய் வீடு பிறந்த கதை

1963இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ஒரு வெள்ளை மாளிகை எழும்பி நின்றது. வெளிப்பூச்சு முடிந்துவிட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. ஓய்வுக்காலத்தைக் கழிக்க இடம் தேடும் பேய்கள் இங்கே வரலாம் என்று வாசலில் ஒரு பலகை தொங்கியது. வேறு வேலைகள் குறுக்கே வந்தன. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னியும் இறந்துபோனார். மாளிகை ஆறு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? முன்கூட்டியே உள்ளே போய்ப் பார்த்த ஒருவர் பயத்தில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டாராம், அதனால்தான் திறக்காமல் வைத்திருக்கிறார்களாம் என்று கதை பரவியது. அப்படி யாரும் இறக்கவில்லை. 1969 ஆகஸ்ட் 9 அன்று கதவு திறந்தது. அடுத்த வாரமே ஒரே நாளில் 82,516 பேர் பூங்காவுக்குள் வந்தார்கள்.

பேய் வீட்டுக்கு முதல் அஸ்திவாரம் வெளியே நிற்பவர்களின் பேச்சுதான். வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் இது தெரிகிறது.

1790களின் கடைசியில் பாரிஸ் நகரம். பிரெஞ்சுப் புரட்சியில் தலை போனவர்களின் நினைவு ஆறாத நேரம். பெல்ஜியத்தின் லியேஜ் ஊரைச் சேர்ந்த ராபர்ட்சன் அங்கே 'ஃபாண்டஸ்மகோரியா' என்ற காட்சியைத் தொடங்கினார். கொல்லப்பட்ட மன்னர் 16ஆம் லூயியை அவர் எழுப்பிக் காட்டப்போகிறார் என்று பேச்சு கிளம்ப, அதிகாரிகள் காட்சியைச் சிறிது காலம் நிறுத்தியே விட்டார்கள். 1799இல் அவர் கைவிடப்பட்ட ஒரு பழைய கப்புச்சின் மடத்துக்கு இடம் மாறினார். அங்கே காட்சிக்கூடத்துக்கு நேரே போய்விட முடியாது. கல்லறைகள் நிறைந்த வளாகத்தைக் கடந்து, இருண்ட நடைகள் வழியே போக வேண்டும். இன்றைய பேய் வீட்டின் வளைந்து வளைந்து போகும் பாதைக்கு மூத்தது அந்த நடைதான் என்று நினைக்கிறேன்.

அவருடைய கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திரைக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஓடும் ஒரு பட விளக்கு. கண்ணாடிச் சில்லில் உருவத்தை வரைந்து, அதைச் சுற்றியுள்ள இடம் முழுவதையும் கறுப்பாக அடைத்துவிடுவார். ஓரமோ சட்டமோ தெரியாமல் உருவம் மட்டும் இருட்டில் தொங்கும். விளக்கைப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகும்; உட்கார்ந்திருப்பவருக்கு அது தன் மேல் பாய்ந்து வருவதாகத் தோன்றும். புகையின் மீதும் உருவங்களை விழ வைத்தார். எங்கே முடிகிறது என்று தெரியாத இருட்டை உண்டாக்கியதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

இருட்டில் நடந்து போய்ப் பயப்படுவதற்கென்றே கட்டிய முதல் வீடு என்று பலரும் சொல்வது இங்கிலாந்தின் லிப்ஹூக் அருகே இன்றும் இருக்கும் ஒரு பேய் வீட்டை. ஆர்ட்டன் அண்ட் ஸ்பூனர் கம்பெனி 1915இல் செய்தது, நீராவியில் ஓடுவது, ஆடும் தரை கொண்டது. அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்த காலத்தில், பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீன் இரவுகளில் பையன்களின் சேட்டை எல்லை மீறியது. தெருவில் சுற்றாமல் இருக்கட்டும் என்று பெரியவர்கள் வீட்டு நிலவறையிலேயே பயப்பாதை அமைத்துக் கொடுத்தார்கள். அதற்கு 1937இல் வந்த ஒரு யோசனைக் குறிப்பு இருக்கிறது. சுவரில் பச்சை ஈரல் துண்டுகளைத் தொங்கவிடுங்கள், பிள்ளைகள் கையால் தடவிக்கொண்டே வரட்டும். மேலிருந்து ஈரப் பஞ்சு முகத்தில் படட்டும் என்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது கைதான் கற்பனை செய்யும் என்பதை அந்தப் பெரியவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

1973இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா ஹாலோவீனுக்காகப் பேய்க்காடாக மாறியது. 1991இல் ஃபுளோரிடாவின் யூனிவர்சல் பூங்கா தானும் ஒரு ஹாலோவீன் விழாவோடு இறங்கியது. அதன் முதல் பேய் வீட்டை எங்கே அமைத்தார்கள் தெரியுமா? 'ஜாஸ்' சவாரிக்கு ஆட்கள் வரிசையில் காத்திருக்கும் கட்டடத்துக்குள். இன்று அந்த விழாவின் ரசிகர்களுக்கு ஊகிப்பதே தனிப் பொழுதுபோக்கு. கட்டுமான அனுமதித் தாளில் வரும் ரகசியப் பெயர்களைத் துருவுகிறார்கள், பூங்காவின் வரைபடத்தில் எந்தக் கொட்டகைக்கு எந்தப் பேய் என்று குறிக்கிறார்கள். 2011இல் விழா சிங்கப்பூருக்கும் வந்தது. பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி என்று மலாய்க்காரர்கள் அஞ்சும் பொந்தியானாக்குக்கு 2018இல் தனி வீடே கிடைத்தது.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக்கு ஹாலோவீன் வருவதில்லை. பொருட்காட்சி வருகிறது. ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே 'பேய் வீடு' நிற்கும். தகரமும் கம்பும் கட்டி, கறுப்புத் துணி மறைத்து, முகப்பில் கோரைப்பல் பெண்ணை வரைந்திருப்பார்கள். உள்ளே சில அடிக்கு ஒரு திருப்பம். ஒவ்வொரு திருப்பமும் ஓர் ஆள் ஒளிந்துகொள்ளத் தேவையான அளவுதான். அலறல் சத்தத்தை வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் விடுவார்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த பீகார், ஒடிசா பிள்ளைகளும் நம் ஊர்க் குடும்பங்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அந்த வரிசையில் காது கொடுத்தால் போதும். "உள்ள ஒருத்தன் காலைப் புடிச்சு இழுப்பானாம்டா." "போன வருஷம் ஒரு பொண்ணு மயங்கி விழுந்துடுச்சாம்க்கா, தண்ணி தெளிச்சுத்தான் எழுப்புனாங்களாம்." யார் அந்தப் பொண்ணு, எந்த ஊர் என்று கேட்டால் பதில் வராது. டிஸ்னிலேண்ட் வாசலில் அறுபது ஆண்டுக்கு முன் உலவிய அதே கதை, கலிபோர்னியாவின் பெயரையே கேட்டிராதவர் வாயிலும் தானாகப் பிறக்கிறது. இது எனக்கு எப்போதுமே வியப்பு.

ஆனால் நம் பொருட்காட்சிக் கூடாரத்துக்குள் ஹாலிவுட் முகமூடியே மாட்டியிருப்பது எனக்கு வருத்தம். இந்த மாவட்டத்துக்குப் பேய்ப் பஞ்சமா? பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைவிடவா ஒரு முகப்பு வேண்டும்? அந்த வாயிலில் நுழைந்து, ஏரிக்கரை இருட்டில் தடுமாறி, புளியமரத்து மோகினியைத் தாண்டி, ஆளில்லாத நைட் ஷிப்ட் பட்டறையில் தானே ஓடும் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பேய் வீட்டுக்கு நான் போட்டு வைத்திருக்கும் வரைபடம் இது. எந்தக் கூடாரக்காரராவது இதை எடுத்துச் செய்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: முகப்பை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், டிக்கெட் கவுண்ட்டரை மட்டும் திறக்காதீர்கள்.