பனங்கள்

பனங்கள் என்பது பனை மரத்தின் பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீர் தானே நொதிப்பதால் உருவாகும் மதுவகை ஆகும். தென்னை, ஈச்ச மரம் ஆகியவற்றிலிருந்தும் கள் பெறப்படுகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதியில் இன்றைய தருமபுரி மாவட்டமும் அடங்கும்.

உருவாகும் முறை

பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை. இரண்டிலும் கள் இறக்கலாம். மரமேறுபவர் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பக்குவப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிடுவார். வடியும் நீர் பாளையில் கட்டிய கலயத்தில் சேரும். இந்நீரில் சுமார் 10 முதல் 14 விழுக்காடு வரை சர்க்கரை உள்ளது.

கள்ளுக்கென ஈஸ்ட் சேர்க்கப்படுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களே நொதித்தலைத் தொடங்குகின்றன. ஈஸ்டுடன், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் சர்க்கரையை மதுசாரமாக மாற்றுகிறது. நுண்ணுயிர்கள் பெருகுவதால் நீர் பால் போல் வெண்மையடைகிறது. ஒரு நாளுக்குள் மதுசார அளவு சுமார் 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். மேலும் வைத்திருந்தால் புளித்து வினிகராகிவிடும். ஈஸ்ட் சேர்க்காமல் தயாரிக்கப்படும் திராட்சை மதுவிலும் இயற்கை நுண்ணுயிர்களே செயல்படுகின்றன. ஆனால் அதைப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். கள்ளை அவ்வாறு வைத்திருக்க இயலாது.

பதநீருடன் வேறுபாடு

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நீர் காரத்தன்மை அடைந்து நொதித்தல் தடைபடுகிறது. அதுவே பதநீர். கொங்குப் பகுதியில் இது தெளுவு எனப்படுகிறது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யப்படுகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பு. சுண்ணாம்பு மட்டுமே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

தகடூரும் கள்ளும்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடல், சிறிதளவு கள் கிடைத்தால் அவன் அதைத் தமக்கே அளித்துவிடுவான் என்று நினைவுகூர்கிறது. அது எம்மரத்துக் கள் என்று பாடல் கூறவில்லை.

மதுவிலக்கு

இராஜாஜி தலைமையிலான அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. தருமபுரி அப்போது அம்மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டமானது. மது வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1971இலும் 1981இலும் தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டாலும், அவை நீடிக்கவில்லை.

இன்றைய விவாதம்

தமிழ்நாட்டில் 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் சில்லறை மது விற்பனையை நடத்துகிறது. அங்கு விற்கப்படும் பிராந்தி, விஸ்கி போன்றவற்றில் மதுசாரம் சுமார் 42.8 விழுக்காடு ஆகும். இவற்றை அனுமதித்துவிட்டு, மதுசாரம் குறைந்த கள்ளைத் தடுப்பது பனைத் தொழிலாளரின் பிழைப்பைப் பறிப்பதாகும் என்பது தடையை எதிர்ப்போரின் வாதம். கள்ளில் மயக்கப்பொருள்கள் எளிதில் கலக்கப்படும், கண்காணிப்பது கடினம் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். அண்டை மாநிலமான கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் நொதிக்காத தென்னை நீராவை இறக்க 2017ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்தன.