பரிமாற்றக் கல்வி: கழுகுமலை முதல் கான்பெரா வரை

ஆனேக்கல் வட்டம் இன்று படிப்புக்கும் பேர்போன வட்டமாகிவிட்டது. சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் வரும் சாலையில் அலையன்ஸ் பல்கலைக்கழகம், சர்ஜாபுரம் பக்கம் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று பெரிய கல்விச்சாலைகள் வந்துவிட்டன. பெங்களூர்க் கல்லூரிகளில் படிக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஒரு செமஸ்டர் ஆஸ்திரேலியா போய்ப் படித்துவிட்டு வரட்டுமா?" இதற்குப் பெயர் பரிமாற்றக் கல்வி. பெற்றோர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று, இந்தப் பழக்கத்தின் வரலாற்றை எனக்குத் தெரிந்த மட்டில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் வியாபாரி, பரிமாற்றம் என்றால் எனக்கு உடனே பண்டமாற்றுதான் நினைவுக்கு வரும். கொள்முதல் வேறு, பண்டமாற்று வேறு. கொள்முதலில் ஒருவன் கையில் பணம், மற்றவன் கையில் சரக்கு. பண்டமாற்றில் இரண்டு பேர் கையிலும் சரக்கு இருக்க வேண்டும். வெறுங்கையோடு வருகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. வெளிநாடு போய்ப் படிப்பதிலும் இந்த இரண்டு வகை உண்டு. முழுக் கட்டணம் கட்டி அங்கேயே பட்டம் வாங்குவது கொள்முதல். பரிமாற்ற மாணவனோ, வழக்கமாகத் தன் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் கட்டுகிறான். ஒன்றோ இரண்டோ செமஸ்டர் அங்கே படிக்கிறான். அங்கே பெற்ற கிரெடிட்டுகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறான். அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வருகிறான். போனவன் திரும்பி வர வேண்டும் என்பது ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

கல்லில் எழுதிய மாணவர் பட்டியல்

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறுசிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள். செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய மாணாக்கர் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. அதில் மாணாக்கியர் பெயரும் உண்டு. ஆசிரியைகளான குரத்தியர் பெயரும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஒருவர். திருச்சாரணம் என்பது இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் சிதறால் மலை. அந்த மலையைச் சேர்ந்தவர் பெயர் இந்த மலையில் இருக்கிறது என்றால், ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் போக்குவரத்து இருந்தது என்றுதானே பொருள்? "பள்ளி" என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவியர் தங்குமிடத்தைக் குறித்தது. பிறகுதான் பாடசாலைக்கு ஆயிற்று.

எங்கள் வந்தவாசிப் பக்கத்து வேடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணாக்கியர் இருந்தார்கள். அவர்களுக்கும் வேறொரு சாராரான 400 பேருக்கும் பிணக்கு. அப்போது ஊரார் முன்வந்து, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் நாங்கள் காத்துச் சோறிடுகிறோம் என்று ஏற்றுக்கொண்டார்கள். விடுதிச் சண்டையும் சாப்பாட்டுச் செலவும் இன்று முளைத்த கவலைகள் அல்ல. 1100 ஆண்டுகளுக்கு முன்பே பெண் பிள்ளைகள் கூட்டமாகத் தங்கிப் படித்தார்கள், ஊரார் பொறுப்பேற்றார்கள். "பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது?" என்று தயங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தனியாக அனுப்புவதில்லை; போகிற இடத்தில் பொறுப்பேற்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது. அதுதான் நம் முன்னோர் செய்தது.

கடல் கடந்த படிப்பிலும் பழைய முறை ஒன்று உண்டு. சீனத் துறவி யிஜிங் 671இல் கப்பலேறியபோது நேரே நாலந்தாவுக்கு வந்துவிடவில்லை. வழியில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்துக்கொண்டார். இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்களே, அந்த மாதிரி. அதற்கு முன்பே நாலந்தாவின் தலைமை ஆசிரியர்களுள் ஒருவராக இருந்த தருமபாலர் நம் காஞ்சிபுரத்துக்காரர். மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் போய்வந்த பாதை அது.

கதவைத் திறந்த கொழும்புத் திட்டம்

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அந்த நாட்டின் கதவு நமக்கு எப்போதும் திறந்திருந்ததல்ல. 1901இல் அவர்கள் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வருகிறவனுக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். அதிகாரி எந்த மொழியைத் தேர்ந்தாலும் கேட்க முடியாது. வேண்டாதவனைத் தோற்கடிக்கவே வைத்த பரீட்சை அது. 1958 வரை அது சட்டத்தில் இருந்தது. "வெள்ளை ஆஸ்திரேலியா" என்ற அந்தக் கொள்கையின் கடைசிச் சுவடுகளை 1973இல்தான் அரசு துடைத்தது.

அப்படிப்பட்ட நாட்டுக்குள் ஆசிய மாணவர்களை அழைத்துப்போனது கொழும்புத் திட்டம். 1950 ஜனவரியில் கொழும்பில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். நேரு வந்திருந்தார். ஆஸ்திரேலியாவின் சார்பில் பெர்சி ஸ்பெண்டர் வந்திருந்தார். அங்கே விதைத்த திட்டம் 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அணை, மருத்துவமனை, இயந்திரம் என்று உதவிகள் ஒருபுறம். மாணவர்களுக்கு உதவித்தொகை மறுபுறம். 1980கள் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 ஆசிய மாணவர்கள் இவ்வழியில் ஆஸ்திரேலியாவில் படித்தார்கள். இந்தியா, இலங்கை, மலேயா நாடுகளிலிருந்து போனவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

நிபந்தனை ஒன்றுதான்: படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். குடியேற விடாத நாடு, படிக்க விட்டது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அந்த மாணவர்கள் ஆஸ்திரேலியக் குடும்பங்களோடு பழகினார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பலர் அவர்கள் வீடுகளிலேயே தங்கினார்கள். ஆசியாக்காரன் என்றால் யார் என்று அதுவரை நேரில் பார்த்திராத மக்கள் பார்த்துப் பழகினார்கள். வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை மக்கள் மனத்தில் தளர்ந்ததற்கு இந்த மாணவர்களும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். படிக்கப் போனவர்கள் பாடமும் நடத்திவிட்டு வந்தார்கள்! இதைத்தான் நான் பண்டமாற்று என்கிறேன்.

பாடம் நடத்தவே போன தமிழரும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரான கணிதப் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜில் மேதை டிராக்கிடம் பயின்றவர். கொழும்பிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்துவிட்டு, 1968இல் மெல்பனின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நிறத் தடை முழுதாக நீங்காத காலத்தில், வகுப்பறையின் முன்பக்கத்தில் நின்றார் ஒரு தமிழர். அவர் கணிதத்தோடு நிற்கவில்லை. அங்குள்ள தமிழ்ச் சங்கப் பணிகளிலும் முன்னின்றார்.

உதவி வியாபாரமான கதை

1980களில் காற்று திசை மாறியது. வெளிநாட்டு மாணவர் படிப்பு பற்றி 1984இல் இரண்டு அறிக்கைகள் ஆஸ்திரேலிய அரசுக்கு வந்தன. அவற்றில் ஜாக்சன் குழு அறிக்கை, கல்வியை ஓர் ஏற்றுமதியாகவே பார்க்கச் சொன்னது. மறு ஆண்டே முழுக் கட்டணம் வாங்கிச் சேர்க்க வழி திறந்தார்கள். இதை அவர்களே "உதவியிலிருந்து வணிகத்துக்கு" என்று வர்ணித்தார்கள். வியாபாரியான நான் வியாபாரத்தைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: உதவித்தொகையில் போனவன் விருந்தாளி, கட்டணம் கட்டிப் போகிறவன் வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு விலையைக் கேட்கும் உரிமையும் உண்டு, கேட்க வேண்டிய கடமையும் உண்டு. 2024 மே மாதம் முதல் மாணவர் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையில் இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். விசாக் கட்டணமே 2024 ஜூலையில் 1,600 டாலரும் 2025 ஜூலையில் 2,000 டாலருமாக ஏறியது. வீட்டை அடகு வைத்து அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் சூழலில்தான் பரிமாற்ற முறைக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 2014இல் ஆஸ்திரேலியா "புதிய கொழும்புத் திட்டம்" தொடங்கியது. இது தலைகீழ்: அவர்கள் மாணவர்கள் நம் பக்கம் வந்து படிக்க உதவித்தொகை. 2023இல் இரு நாடுகளும் ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024இல் டீக்கின், வொல்லொங்காங் என்ற இரண்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலேயே கடை திறந்துவிட்டன.

கான்பெராவில் நீலகேசியை அறிந்தவர்

இப்போது என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் செய்திக்கு வருகிறேன். ஆசீவகம் என்று ஒரு பழைய சமயம். அதன் சொந்த நூல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை மறுத்தவர்கள் எழுதியதிலிருந்துதான் அதை அறிய முடிகிறது. அப்படி எழுதிய நூல்களுள் ஒன்று எங்கள் சமணக் காப்பியமான நீலகேசி. அதன் தலைவி ஊர் ஊராகப் போய், பிற சமய ஆசிரியர்களைத் தேடி, அவர்கள் கொள்கையைக் கேட்டு, வாதம் செய்கிறாள். ஆசீவகருக்கென்றே அதில் ஒரு சருக்கம். இந்நூலைச் சமய திவாகரர் உரையோடு 1936இல் பதிப்பித்தவர் தமிழ்ச் சமணரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

1951இல் லண்டனில் ஏ. எல். பாஷம் ஆசீவகர் வரலாற்றை நூலாக எழுதியபோது, பாலி, பிராகிருத நூல்களோடு மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் ஆகிய தமிழ்ச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டார். அதே பாஷம் 1965இல் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1971இல் உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கான்பெராவில் கூடியதற்கு அவரே முன்னின்றார். ஆக, நீலகேசி நமக்கு முன்பே ஆஸ்திரேலியா போய்விட்டாள்! ஆனால் ஆனேக்கல்லில் நம் தமிழ் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்? இந்த வட்டத்துக் கிராமங்களிலேயே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. லூயிஸ் ரைஸ் அவற்றைப் பெங்களூர் மாவட்டத் தொகுதியில் 1905இலேயே அச்சிட்டுவிட்டார். பக்கத்து ஊர்க் கல் தமிழ் என்று தெரியாமலே நம் பிள்ளை கடல் கடந்து ஆசியவியல் படிக்கப் போனால், அங்கே எதை மாற்றிக்கொள்வான்?

அனுப்பலாமா?

அனுப்பலாம் என்பதே என் பதில். சில காரியங்கள் செய்துவிட்டு அனுப்பலாம். அங்கே எந்தப் பாடத்துக்கு இங்கே எத்தனை கிரெடிட் என்பதைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் ஓர் ஆண்டு வீணாகலாம். கல்விக் கட்டணம் இங்கே கட்டினாலும் விமானம், தங்கல், உணவு, கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் நம் கைக்காசு. அவர்கள் கல்வியாண்டு பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குகிறது. இரண்டாவது செமஸ்டர் ஜூலையில். நம் கல்லூரிக் காலண்டரோடு அது இடிக்காமல் பார்க்க வேண்டும். எங்களைப் போல் பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி: மெல்பனில் ஜூன் மாதம் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் 8 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நோன்பைக் காக்க நினைக்கிற பிள்ளை கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் சரக்கு வேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்து, தன் ஊரைப் பற்றியும் தன் முன்னோரைப் பற்றியும் பத்து நிமிடம் பேசத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் வெறுங்கையோடு நிற்காது. நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய், இந்த வட்டத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டையாவது தடவிப் படிக்க வைப்போம். திரும்பி வந்ததும் அதே பிள்ளையைச் சங்கக் கூட்டத்தில் நிறுத்தி, அங்கே கண்டதைத் தமிழில் சொல்ல வைப்போம். செலவு ஒரு வண்டி வாடகையும் மத்தியானச் சாப்பாடும். வேடல் ஊரார் 500 பேருக்குச் சோறிட்டார்கள். நம்மால் ஐந்து பேருக்கு முடியாதா?