அண்ணாமலை சைக்கிள்

சிதம்பரத்தில் நான் போஸ்டர் ஒட்டிய காலத்தில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பசை தயார். வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ராத்திரியில் கிளம்புவோம். 1996 தேர்தலுக்கு அந்தப் பசை அதிகம் பிடித்தது ஒரே படத்தைத்தான்: 'அண்ணாமலை'யில் பால்காரராக, சைக்கிளோடு ரஜினி.

காங்கிரஸ் தலைவர் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டு என்றதும் மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வந்து தி.மு.க.வோடு சேர்ந்தார். அவருடைய தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) என்ற பெயரே ஜனங்களுக்குப் புதுசு. சின்னம் சைக்கிள். தேர்தலுக்கோ ஒரு மாதம்தான். 1992-இல் ஓடிய படம் அந்தச் சின்னத்தைக் கிராமத்துக் கிழவி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்சிப் பேரைக் கேட்டால் முழிப்பார்கள், "ரஜினி சைக்கிளா?" என்றால் முகம் மலரும்.

சட்டமன்றத்தில் தி.மு.க. 173, த.மா.கா. 39, அ.தி.மு.க. வெறும் 4. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். எங்கள் ஊரில் சைக்கிள் சின்னத்தில் நின்ற கே.எஸ். அழகிரி ஜெயித்தார்.

ரஜினி அந்தக் கூட்டணிக்கு ஆதரவாக வாய் திறந்ததால்தான் ஜெயலலிதா ஆட்சி போனது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1995-இல் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணத்தின் ஆடம்பரத்தைப் பார்த்தே ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். யாரைத் தோற்கடிப்பது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எதில் குத்துவது என்பதை ரஜினி அடையாளம் காட்டினார். அது பெரிய உதவிதான், ஆனால் அவ்வளவுதான்.

1998 மக்களவைத் தேர்தலில் அதே ரஜினி, அதே தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவு. கோவை குண்டுவெடிப்பு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 39-இல் 30 தொகுதி அ.தி.மு.க. அணிக்கு. சிதம்பரம் அந்த அணியிலிருந்த பாட்டாளி மக்கள் கட்சிக்கு (பா.ம.க.) போனது.

2004 மக்களவைத் தேர்தலில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2002-இல் ரஜினியின் 'பாபா' வெளியானபோது பா.ம.க.வினர் படப்பெட்டியையே தூக்கிப்போனார்கள். தியேட்டர்காரர்கள் பயந்து கிடந்தார்கள். அந்த ஆத்திரத்தில், பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் அதற்கு எதிராக வேலை செய்யச் சொன்னார் ரஜினி. அ.தி.மு.க.வோடு கூட்டு வைத்து, நதிகளை இணைப்பதாகச் சொன்ன பா.ஜ.க.வுக்குத் தன் ஓட்டு என்றும் அறிவித்தார். ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் மனசாரத்தான் அலைந்தார்கள். ஆனால் எதிரே வன்னியர் ஓட்டு, தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் ஒரே அணி. போதாததற்கு, 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை அ.தி.மு.க. ஆட்சி கூண்டோடு நீக்கிய கோபம் வீட்டுக்கு வீடு இருந்தது. இந்த முறை ரஜினி நின்றது அந்தக் கோபத்துக்கு எதிர்ப்பக்கம்.

ஆறு தொகுதியிலும் பா.ம.க. ஜெயித்தது. சிதம்பரத்தில் ஜெயித்தவர் அந்தக் கட்சியின் பொன்னுசாமி.