எண்ணாயிரத்தின் அரைக் கழஞ்சுப் பொன்: உறைவிடக் கல்விச்சாலையில் அடுத்த ஆசிரியர் எங்கிருந்து வந்தார்?

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கல்வெட்டை (1917ஆம் ஆண்டறிக்கை, எண் 333) நாம் பெரும்பாலும் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூல் வழியாகவே அறிகிறோம். அந்நூல் இச்சாலையை அறக்கொடையின் பக்கமிருந்து பார்க்கிறது: யாருடைய ஆணை, எவ்வளவு நிலம், எத்தனை பேருக்கு எவ்வளவு நெல். முதலாம் இராசேந்திரன் ஆணைப்படி இராசராசச் சதுர்வேதிமங்கலத்துச் சபை ஏற்பாடு செய்த சாலை இது. 14 ஆசிரியரும் 340 மாணவரும் இருந்தனர். அரசன் கொடுத்தான், சபை நடத்தியது, ஆசிரியர் ஊதியம் பெற்றனர் என்று சாஸ்திரியின் வாசிப்பு முடிகிறது. அதன் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவ்வாசிப்பில் ஆசிரியர் கூலிக்கு அமர்த்தப்பட்ட தனியாட்களாகவும், மாணவர் உண்டு படித்து ஊர் திரும்புவோராகவும் நின்றுவிடுகின்றனர். ஓர் ஆசிரியர் மறைந்தால் அவர் இருக்கையில் யார் அமர்வார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அதற்கான விடை கல்வெட்டின் பொற்கணக்கில் மறைமுகமாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாணவர் இரு நிலையினர். கீழ்நிலையில் 270 பேர்: இருக்கு 75, யசுர் 75, வாசசனேயம், சாந்தோக சாமம், தலவகார சாமம் ஆகியவற்றுக்குத் தலா 20, அதர்வம் 10, போதாயனம் முதலியவை 10, ரூபாவதார இலக்கணம் 40. மேல்நிலையில் 70 பேர்: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. கீழ்நிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேல்நிலையினருக்கு ஒரு குறுணி இரு நாழி. ஆண்டுக்கு 61½ கழஞ்சுப் பொன்னும் ஒதுக்கப்பட்டது. இந்தப் பொன் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதே முக்கியம். வியாகரண ஆசிரியருக்கு 8 கழஞ்சு, மீமாம்சை ஆசிரியருக்கு 12. மீதி 41½ கழஞ்சு, வேதாந்த ஆசிரியர் நீங்கலான 13 ஆசிரியருக்கும் மேல்நிலை மாணவர் 70 பேருக்கும் ஆளுக்கு அரைக் கழஞ்சு. 83 அரைகள் சரியாக 41½ ஆகின்றன. கீழ்நிலை 270 பேருக்குப் பொன் இல்லை. நெல் அளவு ஆசிரியரையும் மாணவரையும் பிரிக்க, பொன்னோ மேல்நிலை மாணவரை ஆசிரியர் வரிசையில் சேர்க்கிறது. ஆடைக்கும் சில்லறைச் செலவுக்கும் தந்த படி என்று இதைத் தள்ளிவிடலாகாதா எனலாம். அப்படியானால் அச்செலவு கீழ்நிலையினருக்கும் உண்டே. அவர்களை விலக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். இலக்கணத்தில் ரூபாவதாரம், அதற்கு மேல் வியாகரணம் என ஏணி அமைந்திருப்பதும் 40 பேர் 25 பேராகச் சுருங்குவதும் இதே திசையைக் காட்டுகின்றன.

விழுப்புரம்–புதுச்சேரிச் சாலையிலுள்ள திரிபுவனையின் கல்வெட்டு (1919, எண் 176) இவ்வாதத்துக்கு இரண்டாவது தூண். முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1048இல், 12 ஆசிரியரும் 260 மாணவரும் கொண்ட சாலைக்கு 72 வேலி நிலம் விடப்பட்டது. அங்கே ஓதுவிப்போருக்கும் ஓதுவோருக்கும் ஊர் வாரியப் பணியிலிருந்து விலக்கு உண்டு. சாஸ்திரி இதை ஒரு சலுகையாகக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறார். வாரியத்தில் அமரத் தகுதியற்ற வெளியூராருக்கு அதிலிருந்து விலக்கு எதற்கு? உத்தரமேரூர் ஒழுங்கின்படி வாரியத்துக்கு நிலமும் மனையும் வயதும் வேதப் பயிற்சியும் தேவை. கல்வி மிகுந்தவருக்கு நிலத் தகுதி தளர்த்தவும்பட்டது. ஊராட்சிக்கும் சாலைக்கும் ஆள் எடுத்த குளம் ஒன்றே எனக் கொண்டால்தான் இவ்விலக்கு பொருள் தருகிறது. 260 பேரும் உள்ளூரார் என்று இதற்குப் பொருளில்லை. வெளியிலிருந்து வந்து தங்கியோர் இருந்திருப்பர். ஆனால் ஒரு விதி எழுதும் அளவுக்கு உள்ளூரார் இருந்தனர்.

எதிர்வாதங்களில் வலுவானது, ‘மாணவரே ஆசிரியராகுக’ என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை என்பது. உண்மைதான், இங்கே சான்று மெலிந்தே இருக்கிறது. எனினும் எண்ணாயிரத்தில் ஆசிரியர் பெயரால் அல்ல, பாடத்தால் குறிக்கப்படுகின்றனர். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ, ஆதுலர் சாலை மருத்துவரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆளுக்குத் தந்த உரிமையைப் பெயர் காட்டும். பாடத்தின் பேரால் வைத்த இருக்கை, இன்னொருவர் வந்து அமர்வதை எதிர்நோக்கியே எழுதப்படுவது. அரசனாணை இருக்கிறதே, அவனே ஆசிரியரை அனுப்பியிருக்கலாமே என்பாருக்கு விடை: ஆணை முதலீட்டைத் தீர்மானிக்கிறது, ஆண்டுதோறும் ஆளைத் தேர்வது சபையின் வேலை. 70 பேர் அரைக் கழஞ்சு பெற்றுக்கொண்டு அருகிலிருக்கையில் சபை வெளியே தேட வேண்டிய தேவை குறைவு.

திண்டிவனத்தை அடுத்த மயிலம் பொம்மபுர ஆதீனம் இதற்கு நேர்மாறு. அங்கே பட்டத்துக்கு வருவோர் அனைவரும் சிவஞான பாலய சுவாமிகள் என்ற ஒரே பெயரைத் தாங்குகின்றனர்; 1938இல் ஆதீனம் தொடங்கிய தமிழ்க் கல்லூரிக்கும் அதுவே பெயர். இரண்டிலும் அடுத்தவர் உள்ளிருந்தே வருகிறார். ஆனால் மடம் ஒருவரைத் தயாரிக்கிறது, சாலை ஒரு படிநிலையைத் தயாரித்தது. முன்னதிலிருந்து பின்னது வளர்ந்தது என்றோ, மறுதலையாகவோ கோடு இழுக்கச் சான்றில்லை. இன்று உறைவிடப் பள்ளி நடத்தும் தனியார் அறக்கட்டளைகள் தலைமையாசிரியரை உள்ளிருந்து எடுப்பதை மரபு எனச் சொல்லும்போது, எந்த மரபு என்று கேட்பது தகும். தீராத சிக்கல் ஒன்று உண்டு. எண்ணாயிரம் சாசனத்தைப் பொதுவாக 1025ஐ ஒட்டி வைக்கிறோம். வாரிய விலக்கு அப்போதே வழக்கில் இருந்ததா, திரிபுவனையில் புதிதாக வந்ததா என்பதைப் பொறுத்து இரு தூண்களுக்கும் இடையிலான தூரம் மாறும். முந்தைய வழக்கு என்றால் என் வாதம் எண்ணாயிரத்துக்கும் முழுமையாகப் பொருந்தும். புதியது என்றால் எண்ணாயிரத்தைப் பொறுத்தவரை பொற்கணக்கு ஒன்றே மிஞ்சும். அது ஒரு சாத்தியத்தைச் சொல்லும், வழக்கத்தை நிறுவாது.