உணர்திறன் மிகுந்த இயர்போனும் கையடக்க ஆம்ப்ளிஃபயரும்: தேர்வுக்கான அளவுகோல்கள்

முன்னுரை

கையடக்க ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் முதலில் தேடும் எண் மில்லிவாட். அது கூடக்கூடக் கருவியும் உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 300 ஓம் மின்னெதிர்ப்பு கொண்ட சென்ஹைசர் எச்டி 600 போன்ற பெரிய ஹெட்ஃபோன்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. காதுக்குள் செருகும் இயர்போன்களில், குறிப்பாக உணர்திறன் மிகுந்தவற்றில், நிலைமை தலைகீழ். மிகச் சிறிய மின்னழுத்தத்துக்கே அவை உரக்க ஒலிக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் குறைகளும் அவற்றில் உரக்கவே கேட்கும்.

இத்தகைய இயர்போனுக்கான ஆம்ப்ளிஃபயரை அதன் வலிமையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அமைதியை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கு மூன்று அளவுகோல்கள் உள்ளன: பின்னணி இரைச்சல், வெளியீட்டு மின்னெதிர்ப்பு, பெருக்க விகிதம். கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக ஷூர் எஸ்இ846 இயர்போனை எடுத்துக்கொள்வோம். அதன் மின்னெதிர்ப்பு 9 ஓம். உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 114 டெசிபல்.

1. உணர்திறனைக் கணக்கிடும் முறை

உணர்திறனை இரண்டு விதமாகக் குறிப்பிடுகிறார்கள். ஒரு மில்லிவாட் மின்திறனுக்கு இத்தனை டெசிபல் என்பது ஒரு முறை. ஒரு வோல்ட் மின்னழுத்தத்துக்கு இத்தனை டெசிபல் என்பது மற்றொன்று. நமக்குப் பயன்படுவது இரண்டாவது முறை. ஏனெனில் ஆம்ப்ளிஃபயர் தருவதும் அதன் இரைச்சலை நாம் அளப்பதும் வோல்ட்டில்தான்.

முதல் அளவிலிருந்து இரண்டாவதுக்கு வருவது எளிது. 1000 என்ற எண்ணை மின்னெதிர்ப்பால் வகுத்து, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கி, மில்லிவாட் அளவுடன் கூட்ட வேண்டும். எஸ்இ846-க்கு அப்படிக் கூட்ட வேண்டியது ஏறக்குறைய 20.5 டெசிபல். ஆக, ஒரு வோல்ட்டுக்கு 134.5 டெசிபல்.

இந்த எண்ணிலிருந்து பல உண்மைகள் கிடைக்கின்றன. 85 டெசிபல் என்ற உரத்த அளவில் பாட்டுக் கேட்க இந்த இயர்போனுக்கு 3.4 மில்லிவோல்ட் போதும். 110 டெசிபல் உச்சத்தைத் தொடவும் சுமார் 60 மில்லிவோல்ட்டே தேவை. மின்திறனில் அது 0.4 மில்லிவாட். பெட்டியில் அச்சிட்ட நூற்றுக்கணக்கான மில்லிவாட்டில் இந்த இயர்போன் தொடுவது ஒரு துளியைக்கூட அல்ல.

2. முதல் அளவுகோல்: பின்னணி இரைச்சல்

எல்லா ஆம்ப்ளிஃபயரும் பாட்டு ஓடாதபோதும் சில மைக்ரோவோல்ட் இரைச்சலை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பெரிய ஹெட்ஃபோனில் அது காதுக்கு எட்டாது. எஸ்இ846-இல் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் 34.5 டெசிபல் ஒலியாகிறது. 1 மைக்ரோவோல்ட் 14.5 டெசிபல் ஆகிறது. முன்னது தெளிவாகக் கேட்கும் 'ஸ்ஸ்' என்ற சீறல். பின்னதைச் சாதாரணமாக யாரும் உணர மாட்டார்கள்.

இயர்போன் வெளியோசையை அடைப்பதும் இங்கே கணக்கில் வர வேண்டும். எஸ்இ846 வெளியோசையை 37 டெசிபல் வரை குறைக்கும் என்கிறது அதைத் தயாரிக்கும் நிறுவனம். சுற்றுப்புற ஓசை அடங்கும்போது உள்ளிருக்கும் சீறல் மேலெழுந்து நிற்கும்.

இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ராக ஆலாபனையின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் தம்புரா மட்டும் ஒலிக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயரில் தந்தியின் ரீங்காரம் மெல்லத் தேய்ந்து மறைவதைக் கடைசி வரை பின்தொடர முடியும். இரைச்சல் மிகுந்த ஆம்ப்ளிஃபயரில் அந்தத் தேய்வு பாதியிலேயே சீறலுக்குள் மூழ்கிவிடும். பாடலின் உரத்த இடங்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதனால்தான் திரைப்பாடல் ஒன்றை உரக்க ஓட விட்டுக் கடையில் சோதிப்பவர் ஏமாந்து போகிறார்.

விவரக்குறிப்பில் தரப்படும் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தையும் அப்படியே நம்பக் கூடாது. அது கருவியின் உச்ச வெளியீட்டோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண். 4 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, 1 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இரண்டிலும் விகிதம் 105 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் இரைச்சல் 22.5 மைக்ரோவோல்ட், இரண்டாவதன் இரைச்சல் 5.6 மைக்ரோவோல்ட். எஸ்இ846-இல் முன்னது 41.5 டெசிபலாகவும் பின்னது 29.5 டெசிபலாகவும் ஒலிக்கும். விகிதம் ஒன்றே, காதில் விழுவது வேறு. எனவே விகிதத்தை விட்டுவிட்டு, இரைச்சல் எத்தனை மைக்ரோவோல்ட் என்றே கேட்க வேண்டும். மிக உணர்திறன் கொண்ட இயர்போனுக்கு அது 2 மைக்ரோவோல்ட்டுக்குள் இருப்பது நலம்.

3. இரண்டாம் அளவுகோல்: வெளியீட்டு மின்னெதிர்ப்பு

இரைச்சல் கேட்டால் அது குறை என்று உடனே தெரிந்துவிடும். வெளியீட்டு மின்னெதிர்ப்பின் குறையோ ஒலியின் குணமாகவே மாறிவிடுவதால் எளிதில் பிடிபடாது.

உணர்திறன் மிகுந்த இயர்போன்கள் பலவற்றில் ஒலியை எழுப்புவது பேலன்ஸ்டு ஆர்மேச்சர். செவித்துணைக் கருவிகளிலிருந்து இசைக்கு வந்த நுண்ணிய பொறி அது. அதன் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் இயர்போன் ஒரு அதிர்வெண்ணில் 40 ஓம், மற்றொன்றில் 5 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பும் இயர்போனும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். எதிர்ப்பு குறைந்த இடத்தில் இயர்போனுக்குக் கிடைக்கும் பங்கும் குறையும்.

வெளியீட்டு மின்னெதிர்ப்பு 10 ஓம் என்றால் அந்த இரு அதிர்வெண்களுக்கும் இடையே 7.6 டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக உண்டாகும். 1 ஓம் என்றால் அது 1.4 டெசிபல், 0.1 ஓம் என்றால் 0.15 டெசிபல், அதாவது இல்லாததற்குச் சமம். 1996-இல் வெளியான ஐஇசி 61938 தரநிலை ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. அதே இயர்போனை அத்தகைய வெளியீட்டில் செருகினால் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 16 டெசிபல் ஆகிவிடும். இயர்போனை வடிவமைத்தவர் நினைத்த ஒலி அங்கே மிஞ்சாது.

இதற்கு இசையுலகிலேயே சான்று உண்டு. 1991-இல் வந்த எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 வரிசையில் 'பி', 'எஸ்' என்று இரு வகைகள் இருந்தன. முன்னதன் மின்னெதிர்ப்பு 27 ஓம், பின்னது 100 ஓம். 'பி' வகையின் வழியில் 75 ஓம் ரெசிஸ்டர் வைத்த இணைப்பு வடத்தைச் செருகினால் அது 'எஸ்' வகையைப் போல உச்ச அதிர்வெண் தூக்கலாக ஒலிக்கும். நடுவே வந்த ரெசிஸ்டர் ஒன்றே ஒலியின் குணத்தை மாற்றியது. ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருக்கும் மின்னெதிர்ப்பு செய்வதும் அதைத்தான். ஆனால் நம்மைக் கேட்காமல் செய்கிறது.

இயர்போனின் மின்னெதிர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியீட்டு மின்னெதிர்ப்பு இருக்கக் கூடாது என்பது இத்துறையில் வழங்கும் விதி. எஸ்இ846-க்கு அந்த எல்லை 1.1 ஓம். மின்னெதிர்ப்பு சில அதிர்வெண்களில் இன்னும் இறங்கக்கூடும் என்பதால் அரை ஓமுக்குக் கீழே தேடுவதே பாதுகாப்பு. எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மின்னெதிர்ப்பு காட்டும் டைனமிக் வகை இயர்போன்களுக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை. அவற்றில் ஒலியளவு மட்டுமே சற்றுக் குறையும்.

இதன் கிளைச் சிக்கல் ஒன்று உண்டு. சில ஆம்ப்ளிஃபயர்கள் வெளியீட்டில் மின்தேக்கி வைத்திருக்கும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 300 ஓம் ஹெட்ஃபோனோடு சேரும்போது 5 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலியைத் தேய்க்கும். 9 ஓம் இயர்போனோடு சேரும்போதோ 177 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி மட்டுமல்ல, பாடகரின் ஆதார ஷட்ஜமே மெலிந்துவிடும்.

4. மூன்றாம் அளவுகோல்: பெருக்க விகிதமும் ஒலியளவுத் திருகும்

இந்த அளவுகோலை விளக்க, வீட்டிலேயே செய்துகொள்ளப் பலருக்கும் கிடைத்த இரு வடிவமைப்புகளை ஒப்பிடலாம். 1990களில் சூ மோய் என்பவர் வெளியிட்ட சிமோய் ஆம்ப்ளிஃபயர் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கியது. அதன் பெருக்க விகிதம் 11, அதாவது உள்ளே வரும் மின்னழுத்தம் 11 மடங்காகி வெளியேறும். ஒலியளவுத் திருகு பெருக்கும் பகுதிக்கு முன்னால் இருந்தது. திருகை எவ்வளவு இறக்கினாலும், அதற்குப் பின்னால் பிறக்கும் இரைச்சல் இறங்காது.

2011-இல் தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் அனைவருக்கும் திறந்துவிட்ட ஓ2 ஆம்ப்ளிஃபயரில் திருகு, பெருக்கும் பகுதிக்குப் பின்னால் வந்தது. திருகை இறக்கினால் பெருக்கும் பகுதியின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். வெளியீட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு சுற்றுகள் தலா ஒரு 1 ஓம் ரெசிஸ்டரோடு இணையாக வேலை செய்வதால் வெளியீட்டு மின்னெதிர்ப்பு சுமார் அரை ஓம். அதன் பெருக்க விகிதங்கள் 2.5, 6.5. எஸ்இ846-க்கு 2.5-உம் அதிகமே. டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றி 2 வோல்ட் தரும் டிஏசியை இணைத்தால் வெளியீடு 5 வோல்ட் வரை போகும். நமக்கு வேண்டியதோ 60 மில்லிவோல்ட்.

அதிகப் பெருக்கத்தின் தீங்கு இரைச்சலோடு நிற்பதில்லை. திருகைத் தொடக்க நிலையை விட்டு அதிகம் நகர்த்த முடியாது. சுழல் திருகுகளில் இடமும் வலமும் சமமாக ஒலிக்காத பகுதியே அதுதான். பாடகர் ஒரு காதுப் பக்கமாக ஒதுங்கி நிற்பார். எனவே பெருக்க விகிதம் 1, அல்லது அதற்கும் கீழே அமைக்கக்கூடிய கருவியே உகந்தது. படிப்படியாக ஒலியைக் கூட்டும் டிஜிட்டல் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு பக்கத்தையும் எதிரெதிராக இயங்கும் இரு சுற்றுகள் ஓட்டும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு வெளியீட்டின் மீதுள்ள மோகத்தையும் இங்கே மறுபரிசீலனை செய்ய வேண்டும். அது மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். கூடவே வெளியீட்டு மின்னெதிர்ப்பையும் இரட்டிப்பாக்கும், இரைச்சலையும் கூட்டும். உணர்திறன் மிகுந்த இயர்போனுக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது, நட்டம் நிச்சயம்.

5. ஏற்கெனவே வாங்கியவருக்குத் தீர்வு

வலிமையான ஆம்ப்ளிஃபயரை வாங்கிவிட்டவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும் 1 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்காகவும் வைத்த சிறு இணைப்பு போதும். ஒலியும் இரைச்சலும் சேர்ந்து 24 முதல் 25 டெசிபல் வரை இறங்கும். இயர்போனுக்குத் தெரியும் வெளியீட்டு மின்னெதிர்ப்பு 0.94 ஓம் மட்டுமே. தொடர் ரெசிஸ்டரை மட்டும் வைத்தால் மூன்றாம் பகுதியில் சொன்ன ஏற்றத்தாழ்வு வந்து சேரும் என்பதை மறக்கக் கூடாது.

6. காதின் பாதுகாப்பு

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை. எஸ்இ846-இல் 80 டெசிபலுக்குத் தேவை 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. கை தவறித் திருகு சுழன்று 1 வோல்ட் பாய்ந்தால், கணக்குப்படி 134.5 டெசிபல். மில்லிவாட் மிகுந்த கருவி வீண் மட்டுமல்ல, காதுக்கு அபாயமும்கூட. இயக்கும்போது 'டப்' என்று அதிரும் ஆம்ப்ளிஃபயரையும் இதே காரணத்துக்காகவே ஒதுக்க வேண்டும். கருவியை இயக்கிய பிறகே இயர்போனைக் காதில் செருகுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து தேர்வின் வரிசை தெளிவாகிறது. முதலில் இயர்போனின் உணர்திறனை வோல்ட் கணக்கில் கண்டறியுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலை மைக்ரோவோல்ட்டிலும், வெளியீட்டு மின்னெதிர்ப்பை ஓமிலும், குறைந்தபட்சப் பெருக்க விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். இம்மூன்றும் சரியாக இருந்தால் கைபேசியில் செருகும், 1 வோல்ட் மட்டுமே தரும் சிறு டோங்கிளும் இந்த வேலைக்குத் தாராளம்.

கடைக்கு உங்கள் சொந்த இயர்போனையே எடுத்துச் செல்லுங்கள். பாட்டை ஓட விடாமல், திருகை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, அரை நிமிடம் கவனியுங்கள். அப்போது எதுவும் கேட்காத ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுங்கள்.