லயத்துக் கோழியும் இராணிக்கெட் நோயும்

ஊவா மாகாணத்து மடூல்சீமை என்னும் பெயர் தாவர நோய் நூல்களில் இடம்பெற்ற பெயராகும். 1869ஆம் ஆண்டில் அப்பகுதிக் கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் பொடி படர்ந்திருக்கக் கண்டார்கள். இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோயின் தொடக்கம் அதுவே. அதனை ஆராய்வதற்கென்றே 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். கோப்பி மடிந்த இடத்தில் தேயிலை தழைத்தது. 1924இல் புகையிரதப் பாதையும் பதுளையை வந்தடைந்தது. இவையெல்லாம் சரித்திரத்தில் எழுதப்பட்டுவிட்ட செய்திகள்.

அதே மலைகளில், லயத்தின் பின்புறத்தே நிகழ்ந்த மற்றொரு நோயின் கதை எழுதப்படவில்லை. மாண்டவை துரைமாரின் பயிரல்ல, தொழிலாளர் வீட்டுக் கோழிகள். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் கோழிக்குப் பத்தி கிடையாது. எனவே அதன் சாவுக்கும் அங்கே பத்தி இல்லை.

கோழி சிறிய பொருளன்றோ என்று நேயர்கள் நினைக்கலாம். பிறர் நிறுத்துக் கொடுத்த அரிசியிலும், பிறர் எண்ணிக் கொடுத்த கூலியிலும் வாழ்ந்த குடும்பத்திற்கு அது சிறிய பொருளன்று. தோட்டப் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திற்குச் சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டில்தான். அச்சம்பளத்தையுங்கூடப் பல குடும்பங்களில் ஆண்களே சென்று வாங்கி வந்தார்கள். ஆனால் முட்டை விற்ற காசு அவள் முந்தானையில் முடிந்த காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதுவே கைகொடுக்கும். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அக்கூட்டிலிருந்தே புறப்படும். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்கள் எவ்வளவு வாடின என்பதை அறிந்தவர்க்கு, கொல்லையில் நின்ற ஒரு கோழியின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய கோழியைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போகும் நோய்க்கே இராணிக்கெட் என்று பெயர். முதல்நாள் மாலை இரை பொறுக்கிய கோழி மறுநாள் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக் கொள்ளும், கால் இழுத்துக் கொள்ளும். சில நாட்களுக்குள் கூடு வெறுமையாகிவிடும்.

இந்நோய் உலகறிய வந்தது 1926ஆம் ஆண்டில். அவ்வாண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் ஒரு வைரஸ் என்பதை டொயில் என்னும் ஆராய்ச்சியாளர் 1927இல் நிறுவினார். நியூகாசில் நோய் என்ற பெயர் அதனால் ஏற்பட்டது. அதே காலத்தில் இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரிலும் நோய் தோன்றியது. அண்மையிலுள்ள முக்தேசுவரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்து அவ்வூரின் பெயரையே இட்டார்கள். இலங்கையில் இந்நோய் இருந்ததனை 1930இல் குரோஃபர்ட் என்னும் கால்நடை வைத்தியர் பதிவு செய்திருக்கிறார். நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஆசியாவின் பல துறைமுகங்களையும் மலைகளையும் அது தொட்டுவிட்டது. கோழி தானாக மலையேறுவதில்லை. விற்பவர் கூடையிலும், விருந்துக்குச் செல்பவர் கையிலும், எச்சம் ஒட்டிய காலடியிலும் ஏறிக்கொண்டு நோயும் பயணம் செய்கிறது.

நம் பெண்கள் கைகட்டிக்கொண்டு நின்றார்களில்லை. மஞ்சள், மிளகு, வேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள். கோழியம்மைக் கொப்புளத்திற்கு மஞ்சளும் வேப்பிலையும் பூசினார்கள். அந்தப் பக்குவங்களை நாம் இகழவேண்டியதில்லை. நோயுற்ற கோழியைத் தனியே கூடையில் கவிழ்த்து, தண்ணீரும் சூடும் கொடுத்துக் காத்த அன்பு அவற்றில் இருக்கிறது. எனினும் இராணிக்கெட் கண்ட கோழியைக் குணப்படுத்தும் மருந்து அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. நோய் வருமுன் காப்பதொன்றே வழி.

அவ்வழியும் ஒரு மலையிலிருந்தே பிறந்தது. 1940களில் முக்தேசுவரத்தில் ஹாடோ, இட்னானி என்னும் இருவர் இவ்வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார்கள். அது வளர்ந்த கோழிக்கே ஏற்றது, இளங்குஞ்சு தாங்காது. குஞ்சுகளுக்கென மேலும் மென்மையான மருந்துகளை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் கண்டார்கள். கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விட்டாற் போதும்.

அப்படியிருக்க, லயத்துக் கோழி ஏன் இன்னமும் மடிகிறது? காரணம் எளியது. மருந்துக் குப்பி பெரும் பண்ணையை எண்ணி நிரப்பப்படுகிறது. ஒரு குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்குக் குறையாது. அதைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிட வேண்டும். எட்டுக் கோழி வளர்ப்பவள் அதனை வாங்கி என்ன செய்வாள்?

இக்கேள்விக்கு மறுமொழி வேறு நாடுகளிலிருந்து வந்தது. 1960களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தீங்கற்றதும் வெப்பத்தை ஓரளவு தாங்கவல்லதுமான வைரஸ் வகையொன்றைக் கண்டார்கள். 1980களில் மலேசியாவில் அதனைத் தீனியில் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள். பின்னர் மொசாம்பிக், தன்சானியா ஆகிய நாடுகளின் கிராமங்களில், அவ்வூராரே பயிற்சி பெற்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று கோழியின் கண்ணில் ஒரு துளி மருந்து இடலானார்கள். தனித்தனி வீட்டைக் காப்பாற்ற அவர்கள் முயலவில்லை. ஊரை ஒரே நாளில் ஒரே கூடாகக் கருதினார்கள். வெற்றியின் இரகசியம் அதுவே.

நமது லயமோ இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது. 12 வீடுகள், வீட்டுக்கு 8 கோழி என்றால் 96 ஆயிற்று. ஒரு குப்பிக்குச் சரியான கணக்கு! தனி வீட்டுக்கு எட்டாத மருந்து ஒரு லயத்துக்கு எட்டிவிடுகிறது. வீட்டுக்கு வீடு பங்கிட்டு, பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாள் கேட்டு, எல்லாக் கூட்டையும் ஒருங்கே முடிப்பது ஒருநாள் வேலை. ஒரு வீடு விலகி நின்றாலும் நோய் நுழைய வாயில் திறந்துவிடும்.

குஞ்சு வளர்ப்பிலும் இதே முறை பொருந்தும். 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கு முதலிரண்டு மூன்று வாரம் தாயின் காப்பே துணை. தடுப்பு மருந்து பெற்ற தாய், அக்காப்பை முட்டைக் கருவின் வழியே கொடுத்துவிடுகிறாள். அது குறைந்து வரும் வேளையில் குஞ்சுக்கும் மருந்து சேர வேண்டும். எப்பருவத்தில் எம்மருந்து என்பதை வைத்தியர் சொல்லட்டும். மற்றவை வீட்டார் கையில்: குளிர்ந்த மலையில் இரவுச் சூடு, காய்ந்த தரை, நாளும் மாற்றிய தண்ணீர். ஈரத் தரையில் வளரும் குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் எளிதிற் பற்றும்.

புதிதாக வாங்கிய கோழியை இரு வாரம் ஒதுக்கி வையுங்கள். நம் முன்னோரைக் கப்பலேற்றுமுன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். மனிதரை அப்படி அடைத்ததில் அவமதிப்பு இருந்தது. கோழியை ஒதுக்குவதில் அவமதிப்பு இல்லை, விவேகமே இருக்கிறது. அதேபோல, நோயுற்ற கோழியை அவசரமாக விற்றுவிடாதீர்கள். இழந்த காசில் சிறிது மீளும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காசு அடுத்த லயத்துக் கூட்டிலிருந்து எடுத்ததாகும். மடிந்த கோழியைக் குழியில் ஆழப் புதைப்பதே முறை.

கோப்பிக்கு நோய் வந்தபோது கடல்கடந்து விஞ்ஞானி வந்தார். லயத்துக் கோழிக்காக எவரும் வரவில்லை. ஆயினும், வேண்டிய அறிவு இன்று நம் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தனித்தனியே நின்று பெற முடியாது, சேர்ந்து நின்றால் பெறலாம். பெரட்டுக் களத்தில் ஒன்றாக நின்று பழகிய மக்களுக்கு, கோழிக்கூட்டின் முன் ஒருநாள் ஒன்றாக நிற்பது அரிய காரியமா?